கீழே இறங்கிய கோடு

4 ஆகஸ்ட் 1958, திங்கள்

இன்று வந்த மருத்துவ இதழைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தேன். சென்னையில் படித்தபோது, கரி பூசிய உருளையில் நாயின் ரத்த அழுத்தம் கோடாக ஓடும். அட்ரினலின் போட்டால் கோடு ஏறும். ஒருநாள் எர்கட் மருந்தைக் கொடுத்துவிட்டு அதே அட்ரினலினைப் போட்டேன் — சரசரவென்று கீழே இறங்கியது! மருந்தை மாற்றிப் போட்டுவிட்டேன் என்று எல்லோரும் சிரித்தார்கள். மாற்றவில்லை. ரத்த நாளங்களை இறுக்கும் வழியை எர்கட் அடைத்துவிட்டது. தளர்த்தும் வழி மட்டும் மிச்சம். புது மருந்து குளோர்புரோமசீனும் அப்படித்தான் அடைக்கும் என்று இதழில் போட்டிருக்கிறது!

எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் அமிர்தராஜிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அதெல்லாம் நாய்க்கு நடக்கும்மா. நமக்கு வர்றது மனுஷங்க" என்று டீயை உறிஞ்சினார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

6 ஆகஸ்ட்

உறையூர் மாரியாயிக்கு விடாத விக்கல். சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. "யாருடி இப்படி உன்னையே நெனைக்கிறது?" என்று அடுத்த கட்டில் ஜீனத் கேட்டாள். "எம் மாமியாதான். செத்தும் விட மாட்டேங்குது." விக்கலோடு சிரிப்பு வேறு. விக்கலை நிறுத்த நாளை குளோர்புரோமசீன் ஊசி.

7 ஆகஸ்ட்



ஊசி ஏறியதும் விக்கல் நின்றது. நாங்கள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் மாரியாயி வெளுத்துச் சாய்ந்தாள். நாடி கிடைக்கவில்லை. அமிர்தராஜ் சார் போடுவதற்காக அட்ரினலினைச் சிரிஞ்சில் நிரப்பிவிட்டார். வேறு யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

நான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். பிடுங்கினேன்! மாதாவே, எங்கிருந்து வந்தது அந்தத் துணிச்சல்?

"வேண்டாம் சார்! இப்ப அது இன்னும் இறக்கிடும். கோடு கீழ போனத என் கண்ணால பாத்தேன். நார்அட்ரினலின் போடலாம், அது தளர்த்துற வழியத் தொடாது, இறக்காது."

"தப்பாப் போனா, ரோசரி?"

மாரியாயி அல்லவா போய்விடுவாள்!

என்னையே பார்த்தார். பிறகு, "கால்மாட்டைத் தூக்குங்க" என்று கத்தினார். கட்டிலுக்குச் செங்கல் வைத்தோம். சலைனில் நார்அட்ரினலினைச் சொட்டவிட்டோம். ஜெபம்கூட வரவில்லை, ரத்த அழுத்தக் கருவியின் பாதரசத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறியது. மெல்ல மெல்ல — ஏறியது!

மாரியாயி கண் திறந்ததும் முதலில் செய்தது — விக்கினாள். வார்டே கைதட்டியது.

12 ஆகஸ்ட்

விக்கல் தானாகவே நின்றுவிட்டது. மாரியாயி வீட்டுக்குப் போனாள்.

2 செப்டம்பர்

வாந்தி நிற்காத ஒருவருக்குக் குளோர்புரோமசீன். அமிர்தராஜ் சார் நர்ஸிடம், "ட்ரேயிலேருந்து அட்ரினலினை எடுத்துடுங்க" என்றார். ஏன் டாக்டர் என்று அவள் கேட்க, என் பக்கம் திரும்பாமலே, "மனுஷங்களுக்கும் நடக்கும்மா" என்றார்.

சாப்பிடும்போது எனக்கு விக்கல். அம்மா தண்ணீரை நீட்டினாள். வேண்டாம் என்றேன். உறையூரில் யாரோ நினைக்கிறார்கள், நினைக்கட்டும்.