மூன்று மணி நிழல்

வியாழக்கிழமை, இரவு.

தாம்பரத்தில் இன்று மொட்டைமாடியில் சோலார் பலகை பொருத்தும் பயிற்சி நடத்தினேன். பலகைக்காக நான் அளந்து போட்ட கோட்டைப் பார்த்து, பயிற்சிக்கு வரும் மீன்காரர் கஸ்தூரி சிரித்தார்.

"சார், மூணு மணிக்கு டேங்க் நெழலு இங்கதான் வந்து குந்திக்கும். கூடைய நெழலுக்கு நவுத்தி நவுத்தியே எனக்கு வயசாயிட்ச்சி."

மூன்று மணிக்கு நிழல் அங்கேயே வந்து அமர்ந்தது. கோட்டை அழித்தேன்.

மீன் ஏலத்துக்குப் போன நாள்களால் அவருக்கு வருகைப்பதிவு குறைவு. விதிப்படி நாளைய தேர்வுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தேர்வு எழுதாவிட்டால் சோலார் வேலையும் அவருக்கு இல்லை.

கண்ணை மூடினால் அந்த நிழல் மெல்ல நகர்ந்து, அவருடைய கூடையைக் கடந்து, என் பட்டியலின்மீது படர்கிறது. எழுந்து, கடைசி வரியில் கஸ்தூரி என்று பென்சிலால் எழுதினேன். ரப்பரை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டேன்.