பின்னல் போடும் பத்து நிமிடம்

10, செவ்வாய்

காலையில் பனி. துணி காயவில்லை. வாங்க: பருப்பு, சவர்க்காரம், தியாவுக்கு ரிப்பன் 2.

நேசரி வாசலில் டீச்சர் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தடிமன், ஓயாத தும்மல்; இரண்டு வாரமாக முகக்கவசம். தியா எதற்கும் வாய் திறப்பதில்லையாம். "மத்த புள்ளைங்க க, கி, கு எல்லாம் சொல்றாங்க. இவ என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருக்கா. வீட்ல செல்லம் கூடிப்போச்சோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பட்டம் படித்த அம்மா, அட்டை வெட்டி ஒலி ஒலியாகச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் எல்லாம் திருப்பிச் சொல்கிறாளே. ப, ம மட்டும் மாறும்.

11, புதன்

நேரம் போதவில்லை. தலை பின்னும் பத்து நிமிடத்தையும் பாடமாக்கினேன். பின்னாலிருந்து "கி" என்றேன். பதில் இல்லை. "கு". இல்லை. மூன்றாம் முறை கத்தினேன். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். கொழுப்பு என்று நினைத்து முடியை இழுத்துவிட்டேன். அழுதபடியே நேசரிக்குப் போனாள். புது ரிப்பன் ஒன்று வழியில் விழுந்து போயிற்று.

தியாவின் அப்பா தம்புள்ளையிலிருந்து வந்ததும் சொன்னேன். "அஞ்சு வயசு கூட ஆகல. நீயும் ஒன் அட்டையும்."

12, வியாழன்

அலுமாரிக் கண்ணாடி முன் உட்காரவைத்துப் பின்னினேன். கி, கு, கெ, கொ. டக் டக்கென்று பதில். நேற்று இழுத்தது பலித்துவிட்டது என்று பகலெல்லாம் ஒரு திருப்தி.

மாலை பாடம். எனக்கு இருமல். வாயைப் பொத்தியபடியே "கு" என்றேன். தியா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"வாயக் காட்டுங்கம்மா. மூடிக்கிட்டா எப்படித் தெரியும்?"

கோபமே இல்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல.

அவள் பொம்மையோடு திரும்பி உட்கார்ந்த பிறகு பின்னால் நின்று கூப்பிட்டேன். தியா. தியாக்குட்டி. ஐஸ்கிரீம் வாங்கப் போவோமா. அசையவில்லை. அவர் சட்டி மூடியைத் தரையில் போட்டார். திரும்பினாள். "பார்த்தியா, கேக்குதுதானே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். மூடி விழுந்தது அவள் காலடியில்.

அவள் பேச்சில் இருந்த குழறலை மழலை என்று ரசித்தோம். போனில் பதிந்து சொந்தக்காரர்களுக்கும் அனுப்பினோம்.

எல்லாரும் படுத்த பிறகு கண்ணாடி முன் நின்று ப என்றேன், ம என்றேன். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி.

16, திங்கள்

பல்லேபொலவிலிருந்து முதல் பஸ். காது கிளினிக்கில் நம்பர் 31. தியாவுக்கு இடியப்பம், தண்ணீர்ப் போத்தல், பொம்மை. எனக்கு ஒன்றும் இறங்கவில்லை.

கண்ணாடி அறை. காதில் பெரிய ஹெட்போன். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். முதல் ஐந்தாறு முறையும் சரியாகத் தூக்கினாள். அவர் என் தோளை அழுத்தினார். நான் மூச்சு விட்டேன்.

டொக்டர் மிஸ் நிறுத்திவிட்டு மெதுவாகச் சிங்களத்தில் சொன்னார். பிள்ளை மிஸ்ஸின் விரலைப் பார்க்கிறதாம். பட்டனில் விரல் படும்போது கை தூக்குகிறதாம்.

அவள் உட்கார்ந்திருந்த கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார்கள். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அவசரத்தில் நான் கோணலாகப் போட்ட பின்னல். ஒவ்வொரு சத்தத்துக்கும் மெஷினில் சின்ன விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது.

அவள் கை மேலே வரவேயில்லை.