ஒரு விரற்கடை இடைவெளி

பரவை
3-12-1936

அன்பு மச்சானுக்கு ஜெயக்கொடி எழுதுவது. நானும் உங்கள் மகளும் ஏதோ இருக்கிறோம். ரங்கூன் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? இரண்டு வரி எழுதினால் கை தேய்ந்தா போகும்?

கூரைக் கண்ணாடியால் பெரும் தொல்லை. பகலில் வெயிலைக் கொட்டுகிறது. விடியலில் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே பனிக்காற்று இறங்குகிறது. பிள்ளைக்கு நெஞ்சுச்சளி கட்டி மூச்சு கரகரவென்கிறது. இருப்பதே ஓர் அறை. எங்கே கொண்டுபோய்க் கிடத்துவேன்? பழைய சேலையைக் கிழித்துச் சந்தில் திணித்தேன். காலையில் கீழே கிடந்தது, மடித்து வைத்த மாதிரி. செத்துப்போன என் அக்காவும் துணியை அப்படித்தான் மடிப்பாள்.

நீங்கள் போட்ட கண்ணாடிதானே. எப்படி அடைப்பது என்று எழுதுங்கள்.

உங்கள்
ஜெயக்கொடி

*

ரங்கூன்
19-12-1936

ஜெயக்கொடிக்கு ஆசீர்வாதம்.

பிள்ளைக்குத் துளசிச் சாறு கொடு. தொட்டிலை அடுப்படிச் சுவர் ஓரமாகக் கட்டு. அவளுக்கு உன் அக்கா பெயரையே வை, சுந்தரம்மாள் என்று.

கண்ணாடியை மட்டும் யாரும் தொடவேண்டாம். பழைய சட்டம், உடைந்து விழும். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். மர ஆலையில் வேலை அதிகம்.

சுருளி

*

பரவை
6-1-1937

அன்பு மச்சானுக்கு,

வருகிறேன் என்றீர்கள், எப்போது என்று எழுதவில்லை. பிள்ளை பால் குடிக்கவும் முடியாமல் இழுக்கிறாள். பொறுக்கமாட்டாமல் கொத்தனார் பேயாண்டியைக் கூரையில் ஏற்றினேன். இறங்கி வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தாயி, இது மரம் சுருங்கி விட்ட சந்து இல்ல. நாலு மூலையிலயும் மரச்சில்லு வச்சுக் கண்ணாடியத் தூக்கி நிறுத்தியிருக்காக. இம்புட்டு நேர்த்தியா யாரு செஞ்சது?" என்றார்.

அக்கா ஆகாத அவிட்ட நட்சத்திரத்தில் செத்தாள் என்று கூரை ஓட்டைப் பிரித்து அந்த வழியாகத்தானே அவளைத் தூக்கிப் போனார்கள்? வாசல் வழி தெரிந்தால் திரும்பி வந்துவிடுவாள் என்றுதானே? பிரித்த இடத்தை அன்றைக்கே அடைக்கச் சொன்னார்கள். நீங்கள் வெளிச்சத்துக்கு என்று சொல்லிக் கண்ணாடி போட்டீர்கள். மச்சான், பிள்ளை மேல் ஆணையாக உண்மையைச் சொல்லுங்கள்.

உங்கள்
ஜெயக்கொடி

*

ரங்கூன்
24-1-1937

ஜெயக்கொடி,

நான்தான் வைத்தேன். என்னோடு வாழ்ந்த சுந்தரத்தை ஊரே சேர்ந்து விரட்டியது போல இருந்தது. மனசு கேட்கவில்லை. ஒரு விரற்கடை விட்டேன். அவள் வந்தாள். விடியலில் என் நெற்றியில் காற்றுப் படும். அது அவள் கைதான்.

அவள் போய் வருஷம் திரும்புமுன் உன்னை எனக்குக் கட்டிவைத்தார்கள். உன் பக்கத்தில் படுத்துக்கொண்டு அந்தக் காற்றுக்குக் காத்திருந்தேன். அந்த வெட்கத்தில்தான் கப்பல் ஏறினேன்.

சில்லுகளை எடுத்துவிடு என்று எழுத வேண்டும். பாவி, எனக்குக் கை வரவில்லை. அவள் உன் கூடப்பிறந்தவள். நீயே செய்.

சுருளி

*

பரவை
8-2-1937

மச்சானுக்கு,

அடைத்துவிட்டேன். பேயாண்டி ஏணியைப் பிடித்துக்கொண்டார், நானே ஏறினேன். ஒவ்வொரு சில்லாக உருவினேன். "அக்கா, உன் மேல கோவமில்லக்கா. பிள்ளைக்கு மூச்சு வேணும்" என்றேன். போயிட்டு வா என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "போக்கா" என்றேன். சீமைச் சுண்ணாம்புப் பொடியும் எண்ணெயும் பிசைந்த மக்குப் பசையைச் சந்து தெரியாமல் சுற்றிலும் அப்பினேன்.

மறுநாள் விடியலில் கண்ணாடியை விரலால் தட்டுகிற சத்தம் கேட்டது. மழையில்லை, காற்றில்லை. நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். எனக்கு மட்டும் அவள் வேண்டாதவளா? என்னைத் தூக்கி வளர்த்தவள். ஆனால் ஏணியை எடுக்கவில்லை. இரண்டு நாள் தட்டினாள். மூன்றாம் நாள் சத்தம் இல்லை. பிள்ளை விடிந்தும் தூங்கினாள்.

அவளுக்குச் சின்னத்தாய் என்று பெயர் வைத்துவிட்டேன். அக்கா இடத்தை இவள் சுமக்க வேண்டாம்.

சில்லுகள் நான்கையும் இதோடு அனுப்புகிறேன். கூரையில் இனி வழி இல்லை. வாசல் கதவுக்கு மட்டும் நான் தாழ் போடுவதில்லை. அது உங்களுக்காக. பங்குனி முடியும்வரை பார்ப்பேன். பிறகு அதையும் அடைத்துவிடுவேன். எனக்கு அடைக்கத் தெரிந்துவிட்டது.

ஜெயக்கொடி