இஸ்திரி போட்ட நட்சத்திரங்கள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். போன வாரத்துச் சளியும் விட்டுவிட்டது. என் அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? பாப்பா அடம் பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

விடுமுறைக்காக ஓட்டலை அலங்கரிக்கிறார்கள். சலவைப் பிரிவில் இருக்கும் எங்களையும் விட்டுவைக்கவில்லை. வண்ணத்தாளை நாடா நாடாவாக வெட்டிக் கொடுத்து, நட்சத்திரம் மடிக்கச் சொன்னார் மேலாளர் அம்மா. முடிச்சுப் போட்டுச் சுற்றிச் சுற்றி மடித்து, கடைசியில் ஓரங்களை நகத்தால் அழுத்த வேண்டும்; வயிறு உப்பி நட்சத்திரமாகிவிடும். என் கைதான் சும்மா இருக்காதே! மடிப்பு சரியாக விழவில்லை என்று அத்தனையையும் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துவிட்டேன்.

"என்னங்க இது, நட்சத்திரமா, சட்டை பட்டனா?" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும்தான். விரலில் லேசாகச் சூடு பட்டது, ஆறிவிட்டது. அந்தத் தட்டை நட்சத்திரங்களை நான் தங்கியிருக்கும் அறையின் ஜன்னலில் ஒட்டியிருக்கிறேன். கூட இருப்பவர்கள் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிறார்கள். எனக்கு வேலை இருக்கிறது.

பார்சல் அனுப்பினால் ஒரு நகவெட்டி வை. தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில். அப்புறம், நீ கட்டிக் களைந்த புடவை ஒன்று, தலையணைக்குப் போட. துவைக்க வேண்டாம். இஸ்திரி போடவே போடாதே, கசங்கல் அப்படியே வரட்டும்.

துணி வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது எண்ணெயோடு நிறுத்திவிடு.

உன் வீட்டுக்காரன்