மிதப்புக்கட்டை

வெருகல்,
சித்திரை 1942

இஞ்சாருங்கோ,

படகைக் கரையேற்றிவிட்டுப் பின்னால் வருகிறேன் என்றீர்கள். யப்பான்காரன் போட்ட குண்டுச் சத்தத்தில் அரிசி மூட்டை என்று நினைத்து உங்கள் வலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். வலையைத் தேடியாவது வருவீர்கள் என்று தங்கச்சி ராசமலரிடம் சிரித்துச் சொன்னேன்.

நடந்து வந்ததில் உள்ளங்கால் வளைவு இரண்டும் இறுகிவிட்டன. காலையில் நிலத்தில் ஊன்ற ஏலாது. "பாயால எழும்ப முந்தி கால்விரலைப் பிடிச்சு முழங்கால் பக்கம் இழுங்கோ அக்கா" என்கிறாள் ராசமலர். இழுக்கிறேன். பிறகு வலையின் மிதப்புக்கட்டை ஒன்றை உள்ளங்காலின் கீழே வைத்து உருட்டுகிறேன். பிறகு சுவரைப் பிடித்துக் குதிகாலை அழுத்தி நிற்கிறேன். "கொஞ்சம் இருங்கோவன்" என்று ஏசுகிறாள். இருக்க முடியவில்லை.

நேற்று எங்கள் ஊர் சல்லியிலிருந்து யோகலிங்கம் அண்ணை வந்தார்.

"அவர் எப்பிடி இருக்கிறார் அண்ணை?" என்று கேட்டேன்.

"காலுக்கு என்ன பிள்ளை?" என்றார்.

திரும்பவும் கேட்டேன். நின்றபடியே தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, போகும்வரை என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்களின் முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிற மனிதர்.

இன்று வலி குறைவு. வலையைத் தலையில் வைத்து முற்றத்தைச் சுற்றி நடந்து பார்த்தேன். "அங்க ஆர் இருக்கினம் எண்டு போறியள்?" என்று கேட்டுவிட்டு ராசமலர் குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் இருந்து அழுகிறாள். அவள் சின்னதிலிருந்தே பயந்தவள்.

விடிந்ததும் சல்லிக்கு வெளிக்கிடுகிறேன். தலைச்சுமையைத் தனியே இறக்க எனக்கு ஏலாது. நீங்கள்தான் கரைக்கு வந்து கைகொடுக்கவேண்டும்.

உங்கள்
வீட்டுக்காரி