ஆற்றுக்குள் விழுந்த பந்து

இன்று காலை இந்த வருஷத்தின் முதல் பனி. அலுமாரியில் இருந்து தடித்த குளிர்ச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு பஸ் தரிப்புக்கு வந்து, குளிருக்குப் பைக்குள் கையை விட்டால், நீர் உம்முடைய விரலுக்குச் சுற்றுகிற வெள்ளைப் பிளாஸ்டர் சுருள். பாதி முடிந்தது. எப்போது என் பைக்குள் போட்டீரோ தெரியாது. மூக்கருகே கொண்டுபோனேன். பசை மணமும், முழங்காலுக்குப் பூசுவீரே, அந்தக் காரமான தைல மணமும் ஒன்றாக அடித்தன. பக்கத்தில் நின்ற பெண் இந்த மனுசிக்கு என்ன நடந்தது என்பதுபோல் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும்.

உமக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. தினமும் காண்கிற ஆளுக்கு யார் கடிதம் எழுதுகிறார்கள்? உமக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதும் எனக்கு வசதி. உயிரோடு இருந்திருந்தால் நான் எழுதுகிற கதையில் பாதியை இல்லை இல்லை என்று திருத்தியிருப்பீர்.

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் நான் பிள்ளைகள் பார்க்கிற கார்டெரிக்கு நீர் புதிதாக வேலைக்கு வந்தபோது, என் தலை உம்முடைய தோளுக்குத்தான் வந்தது. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஏறி விளையாட ஒரு மரம் வந்து சேர்ந்ததென்று நினைத்திருப்பார்கள். பிரேசில் என்று மட்டும் சொன்னீர். நாங்களும் மேலே கேட்கவில்லை. அங்கே வேலை செய்கிற எல்லோருமே எங்கேயோ இருந்து வந்தவர்கள்; ஒருவரின் பழைய கதையை மற்றவர் தோண்டுவதில்லை.

கொஞ்ச நாளில் ஒரு குழந்தை பஞ்சுப் பந்தொன்றை எறிந்தது. அது சுவரில் பட்டு உம்முடைய தலைக்கு மேலே வந்தது. நீர் சரியாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்து விரலாலும் ஏந்தி மேலே அனுப்பினீர். சத்தமே இல்லை. பந்து ஆறுதலாக, மெல்ல எழுந்து, அடி என்று கேட்பதுபோல் எனக்கு நேரே வந்து இறங்கியது. நான் யாழ்ப்பாணத்தில் தேவாலய வளவுக்குள் அண்ணன்மாரோடு கரப்பந்து விளையாடி வளர்ந்தவள். கலியாணத்துக்குப் பிறகு பந்தைத் தொட்டதில்லை. ஆனாலும் கை கேட்குமா? விட்டேன் ஒரு அடி. பந்து பொம்மை அலுமாரிக்கு மேலால் பறந்து, அடுத்த அறையில் இருந்த மேலாளரின் கோப்பிக்குள் போய் விழுந்தது. இருவருக்கும் நல்ல பிரெஞ்சில் ஏச்சு. நீர் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர். சிரிப்பில் தோள் இரண்டும் குலுங்கியதை நான் கண்டேன்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது எங்கே விளையாடினாய் என்று கேட்டீர். நான் திருப்பிக் கேட்டேன். என் நாட்டுக்காக என்றீர், கொஞ்சம் உப்பு தா என்று கேட்கிற குரலில். நான் நம்பவில்லை. அப்போது இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்தீர். சுண்டுவிரல்கள் வெளிப்பக்கமாக வளைந்து, மூட்டுகள் எல்லாம் பருத்திருந்தன. அந்த விரல்களைப் பார்த்தபிறகு சான்றிதழ் எதற்கு?

நாங்கள் கதைத்த பிரெஞ்சை ஒரு பிரெஞ்சுக்காரர் கேட்டிருந்தால் வாய்விட்டு அழுதிருப்பார். ஆனால் பாண், மேசை, சப்பாத்து, துவாய் என்று நான் தமிழில் சொன்னால் உமக்கு அப்படியே விளங்கியது. போர்த்துக்கேயர் எங்கள் கரைக்கு வந்து கோட்டை கட்டினார்கள், எங்களை வேதக்காரர் ஆக்கினார்கள், போகும்போது நாம் இருவரும் கதைப்பதற்குக் கொஞ்சச் சொல்லையும் விட்டுப் போயிருக்கிறார்கள் என்று நான் சொல்ல, நீர் சிரிப்பீர். அதனாலோ என்னவோ, நீர் சொன்னதெல்லாம் என் காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் இருக்கிறது. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

உம்முடைய வாழ்க்கையை நான் கேட்டது அக்காடி மெட்ரோவுக்கு நடக்கிற வழியில், துண்டு துண்டாக. உள்நாட்டுச் சின்ன ஊர். அம்மா சந்தியில் சீஸ் போட்ட சின்னப் பாண் சுட்டு விற்றவர். பதின்மூன்று பதினான்கு வயதில் பெரிய நகரத்துக் கழகமொன்று உம்மைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. மைதானப் படிக்கட்டுகளுக்குக் கீழே இருந்த அறையில் மற்றப் பெண்களோடு படுத்து எழும்பி, மாற்று ஆட்களின் வாங்கில் பல வருஷம் குந்தியிருந்து, கடைசியில் நாட்டு அணியில் செற்றர் ஆனீர். ஒருத்தி பந்தை எடுப்பாள். நீர் ஓடிப்போய் அதைத் தூக்கிக் கொடுப்பீர். இன்னொருத்தி பாய்ந்து அடிப்பாள். சனம் அடித்தவளுக்குத்தான் கை தட்டும். உமக்கு அதில் ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் அம்மாவுக்குத்தான்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அம்மா கேட்பது ஒரே கேள்வி: “இண்டைக்கும் மற்றவைக்குத்தான் குடுத்தனியோ?” செற்றரும் இடைக்கிடை அடிப்பதுண்டு. ஆனால் நீர் அடித்தவை எல்லாம், அம்மா கடையில் நின்ற நாட்களாகப் பார்த்து விழுந்தவை. உலகப் போட்டியொன்றில் வென்ற மறுநாள் பத்திரிகையில் படம் வந்ததாம். நடுவில் அடித்தவள் அந்தரத்தில் நிற்கிறாள். ஓரத்தில் உம்முடைய கைகள் மட்டும், மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு. அம்மா அதைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டி, பாண் வாங்க வருகிறவர்களை எல்லாம் பிடித்து நிறுத்தி, இது என் மகளின் கை என்று காட்டினாராம். இதைச் சொல்லிவிட்டு நீர் வழியில் நின்று சிரித்தீர். நானும் சிரித்தேன்.

பிறகு இத்தாலியில் ஒரு கழகம், முழங்கால் போனது, ஓய்வு. கெபெக்காரர் ஒருவரைக் கட்டி மொன்றியல் வந்தீர். அவர் போய்விட்டார், குளிர் என்னோடு தங்கிவிட்டது என்பீர். பிள்ளைகள் இல்லை. ஞாயிறுதோறும் அம்மாவோடு வீடியோவில் கதைப்பதுதான் உம்முடைய குடும்பம்.

அந்த வருஷம் எங்கள் தேவாலயப் பங்குச் சனங்களின் கோடை ஒன்றுகூடலில் பெண்களுக்கும் கரப்பந்துப் போட்டி வைப்பதென்று முடிவானது. உம்மை விடுவேனா? ஞாயிறு பூசை முடிய, கோயிலின் கீழ் மண்டபத்தில் விளையாடிப் பழகுவோம். அங்கேதான் வந்தது வினை. நாங்கள் விளையாடுவது ஓவர்கேம். எங்கள் ஊர் விளையாட்டு. ஆட்கள் இடம் மாறுவதில்லை. தூக்கிக் கொடுப்பது, சோடிப்பது ஒன்றும் வழக்கம் இல்லை; கூடாதென்று சட்டமும் இல்லை. வந்த பந்தை வந்த கையோடு வலைக்கு மேலால் அனுப்புவதுதான். அதில் செற்றருக்கு வேலையே கிடையாது. நீர் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, கோழி நீந்துவதைக் கண்டவர்போல் நின்றீர்.

பாவம், உம்முடைய கை கேட்கவில்லை. பந்து வந்தால் பூப்போல ஏந்தி, பின்னால் நின்ற ஜெசிந்தா அக்காவுக்குக் கொடுப்பீர். அக்கா மன்னார்க்காரர், எங்கள் அணியில் மூத்தவர், பாடகர் குழுவையே ஒரு பார்வையால் அடக்குகிறவர். அவருக்கு அந்தப் பந்தை என்ன செய்வதென்று தெரியாது. பந்து அவருடைய தலையில் விழும்.

“பிள்ளை, எனக்குத் தராதேயும். அங்கால அனுப்பும்.”

தமிழில் உமக்கு முழுதாகப் பாடமானது அந்த ஒரு வசனம்தான். கார்டெரியில் பிள்ளைகள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளினாலும் “அங்கால அனுப்பும்” என்பீர்.

எனக்கு அது பகிடியாகத்தான் இருந்தது. ஒருநாள் மண்டபத்தைக் கூட்டும்போது நீர் சொல்லும்வரை. இலையுதிர் காலத்தில் முழங்காலை மாற்றப் போகிறார்கள், அதற்குப் பிறகு துள்ளிப் பாய முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். “அம்மாவுக்குத் தொண்ணூறு ஆகப்போகுது. நான் பாய்ஞ்சு அடிச்சு அவ ஒருக்காலும் காணேல்லை. கண் தெரியேக்கை ஒண்டு காட்டவேணும்.” இந்த விளையாட்டில் கொடுக்க ஆளே இல்லை, எல்லாவற்றையும் நானேதான் அடிக்க வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லியும் விட்டீர். அம்மாவுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷமாம். ஒன்றுகூடலுக்கு இன்னும் சில ஞாயிறுகள்தான் இருந்தன. உம்முடைய கையோ கொடுத்துக்கொண்டே இருந்தது.

ஒன்றுகூடல் நாள் வந்தது. பியர்பொன்ட்ஸில் ஆற்றோரப் பூங்கா. ஒரு பக்கம் இறைச்சி வாட்டுகிற புகை, மேசை நிறைய றோல்ஸ், நடுவராக விசிலோடு பாதர். எதிரே லொங்குய்ய் ஊரிலிருந்து வந்த பெண்கள், எங்கள் பிள்ளைகளின் வயது. என் மனுசன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள் உம்முடைய அம்மா, நல்ல சட்டை போட்டு, தலை சீவி. இவர் அவருக்கு ஆட்டத்தைத் தமிழிலேயே விளங்கப்படுத்தினார். அம்மா போர்த்துக்கேயத்தில் பதில் சொன்னார். இருவருக்கும் ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை.

முழு ஆட்டத்திலும் நீர் கொடுத்தீர். வேடிக்கை என்னவென்றால், ஜெசிந்தா அக்காவுக்கு அதற்குள் அது பழகிவிட்டது. நீர் ஏந்திக் கொடுக்க அவர் கும்பிட்டபடி ஒரு தட்டுத் தட்டுவார், பந்து அங்கே விழும். லொங்குய்ய்காரிகள் திகைத்துப் போனார்கள். கடைசிப் பந்துவரை சரிக்குச் சரி வந்துவிட்டோம். அந்தப் பந்து உயர எழும்பி உமக்கு நேரே வந்தது. அக்கா பின்னால் கையைத் தூக்கிக்கொண்டு தயாராக நிற்கிறார். அவருக்குக் கொடுத்தால் வெற்றி. உம்முடைய பத்து விரலும் விரிந்ததைக் கண்டேன். பிறகு அவை மூடின.

பாய்ந்தீரே, அந்த முழங்காலோடு! அவ்வளவு உயரத்தில் ஒரு பெண்ணை நான் கண்டதில்லை. அடித்த அடியில் பந்து வலைக்கு மேலால், லொங்குய்ய்க்கு மேலால், றோல்ஸ் மேசைக்கு மேலால் போய் ஆற்றுக்குள் விழுந்தது. பாதர் விசில் ஊதினார். தோற்றுப்போனோம். விசில் அடங்குமுன் போனில் இருந்து உம்முடைய பெயர் வந்தது. தொலைக்காட்சியில் ஆட்டம் சொல்கிறவர்கள் இழுப்பார்களே, அப்படி இழுத்து, அந்த வயதில் எங்கிருந்துதான் மூச்சு வந்ததோ, பூங்கா முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார் அம்மா.

நீர் புல்லில் குந்திவிட்டீர். போனை வாங்கி, தோற்றுவிட்டோம், பந்தை ஆற்றுக்குள் அடித்துவிட்டேன் என்று சொன்னீர். அம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“பறவாயில்லை, நீதானே அடிச்சனி எண்டுறா.”

சொல்லிவிட்டுச் சிரித்தீர், கண்ணீர் ஓடஓட. ஜெசிந்தா அக்கா மட்டும் அன்று முழுக்க உம்மோடு கதைக்கவில்லை. பிறகு றோல்ஸ் கொண்டுவந்து தந்தார்.

முழங்காலைப் பார்க்கப் போன இடத்தில் வேறொரு நோயைக் கண்டுபிடித்தார்கள். அது உம்மைக் கனகாலம் வைத்திருக்கவில்லை. அதைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன்; நீரும் அதைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உமக்கு இருந்தது ஒரே கவலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு யார் போன் எடுப்பது? நான் எடுப்பேன் என்றேன். உனக்குப் போர்த்துக்கேயம் தெரியாதே என்றீர். பாணும் சப்பாத்தும் தெரியும், காணாதா என்றேன். அன்றுதான் கடைசியாக வாய்விட்டுச் சிரித்தீர்.

எடுக்கிறேன், கவலைப்படாதேயும். உம்முடைய அண்ணன் மகள் அங்கே போனைச் சரியாக நிறுத்திவிட்டுப் போவாள். நான் இங்கே குசினியில் வெங்காயம் வெட்டுவேன். அம்மா அங்கே அவரைக்காய் உரிப்பார். அவர் ஊர்ப்புதினம் சொல்வார், நான் ஜெசிந்தா அக்காவின் நாரிப் பிடிப்பு, இடுப்பு நோவைப் பற்றிச் சொல்வேன். உம்முடைய பெயர் வருகிற இடத்தில் நான் கத்தியை வைப்பேன், அவர் அவரைக்காயை வைப்பார். பிறகு தொடர்வோம். நீர் எனக்கு விட்டுப் போனதிலே பெரியது அவர்தான்.

போன ஞாயிறு பூசை முடிய ஆட்களோடு கதைத்துக்கொண்டு நின்றதில் நேரம் போய்விட்டது. ஓடிவந்து எடுத்தேன். அம்மா முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தார். பிறகு தொடங்கினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் பெற்ற பிள்ளையை ஏசுகிற ஏச்சு எந்தப் பாஷையிலும் ஒன்றுதான். மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல், ஏசி முடியுமட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன்.