கலந்தாலோசித்து

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

அப்பாவே எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் எழுதித் தரவில்லை. இந்தக் கோணல் எழுத்து முழுக்க என்னுடையது! அறுபத்தெட்டு வயதில் எனக்கு 'ழ' வந்துவிட்டது.

நம் நாட்டுக்காக நீ கையெழுத்துப் போடப்போகும் ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் பேப்பரில் வந்திருந்தது. விரல் வைத்து நான்கு நாள் படித்தேன். "உறுப்பு நாடுகளைக் கலந்தாலோசித்து, எந்த நாட்டுப் படையையும் எல்லைக்கு அப்பால் அனுப்பலாம்." கலந்தாலோசித்து! அந்த ஒரு சொல்லுக்கே அரை மணி ஆனது. மெதுவாகப் படித்ததால்தான் அதிலிருக்கும் ஓட்டை கண்ணில் மாட்டியது. உன் அம்மாவும் என்னைக் கலந்தாலோசித்தவள்தான். சுவரெல்லாம் நீலம் அடித்து முடித்துவிட்டு, "என்னங்க, நீலம் அடிச்சிரலாமா?" என்பாள்.

சுவர் என்றால் போகட்டும். டாங்கிக்குள் உட்கார்ந்திருப்பது உன் தம்பி. "சம்மதத்துடன்" என்று மாற்றச் சொல். அதுவரை கையெழுத்துப் போடாதே.

அப்பா

மார்ச் 10

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை அலுவலகம் முழுக்கக் காட்டினேன். அவ்வளவு பெருமை. ஆனால் ஐந்து பேரும் சம்மதிக்கும்வரை காத்திருந்தால் எதிரி வாசலுக்கே வந்துவிடுவான். பதினெட்டாம் தேதி கையெழுத்து, அமைச்சரின் உத்தரவு. என் வேலையில் தலையிடாதீர்கள், ப்ளீஸ்.

உங்கள் மகள்

மார்ச் 14

அம்மாடி,

தலையிடுவேன். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவன் நான். ஒரே பாரத்தை இரண்டு கிரேன் சேர்ந்து தூக்கும்போது தூக்கு, இறக்கு என்று கை காட்டுகிறவர் ஒருவர்தான். ஆனால் "நிறுத்து" என்று கூட்டிப் பெருக்குகிறவர் கத்தினாலும் நிறுத்தியே ஆக வேண்டும்.

எதிரி நம் வாசலுக்கு வந்தால் யாரையும் கேட்க வேண்டாம், அடியுங்கள். அடுத்தவர் வாசலுக்குப் போவதென்றால் ஐந்து வாயும் "சரி" சொல்லட்டும். அமைச்சருக்குப் புரியாவிட்டால் விலாசம் அனுப்பு, நானே எழுதுகிறேன். பிழை இருக்கும், பயம் இருக்காது.

அப்பா

மார்ச் 19

அப்பா,

நேற்று நான் பேனாவைத் தொடவில்லை. "சம்மதத்துடன்" என்று மாற்றினால்தான் கையெழுத்து என்றேன். பெரிய நாட்டுப் பிரதிநிதி சிரித்துக்கொண்டே, "உங்ககிட்ட மொத்தமே எத்தனை டாங்கிம்மா இருக்கு?" என்றார்.

"பதினொண்ணு சார். ஒண்ணுல என் தம்பி இருக்கான்."

சிரிப்பு நின்றது. பக்கத்து இருக்கை நாட்டுக்காரரும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அமைச்சர் உடனே திரும்பி வரச் சொல்கிறார். திங்கட்கிழமை மறுபடி கூட்டம். நம் நாட்டு நாற்காலியில் நான்தான் இருப்பேன்.

உங்கள் மகள்